'குவாட்ருப்பிள் பிளேட்' – தமிழில் எப்படிச் சொல்வது?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரிடன் என்ற ஊர். அங்கே 1852 டிசம்பரில் தொடங்கிய மெரிடன் பிரிட்டானியா கம்பெனியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். டீ பானை, சர்க்கரைக் கிண்ணம், ஐஸ் தண்ணீர்க் கூஜா என்று வெள்ளி முலாம் போட்ட சாமான்களை நடுத்தரக் குடும்பங்களுக்குச் செய்து விற்றவர்கள். இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறது. 'சில்வர் பிளேட்' என்பதை 'வெள்ளித்தட்டு' என்று போட்டால் சாப்பிடும் தட்டாகிவிடும். அது ஒன்று. இன்னொன்று, பாத்திரத்தின் அடியில் 'குவாட்ருப்பிள் பிளேட்' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அதற்கு 'நாலடுக்கு முலாம்' என்று எழுதிவிடலாமா? படித்த உடனே புரிகிறதே என்று பார்க்கிறேன். பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

* * *

தம்பி, வணக்கம்.

'நாலடுக்கு' வேண்டாம். உடனே புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும்.

மின்சாரத்தால் வெள்ளி ஏற்றும் மின்முலாம் தொட்டியில் நடப்பது இதுதான். பொட்டாசியம் சயனைடு கலந்த கரைசலில் வெள்ளி உப்பு இருக்கும். நேர்மின்வாயில் சுத்த வெள்ளித் தகடு, எதிர்மின்வாயில் நம்முடைய கரண்டியோ கிண்ணமோ. மின்சாரம் ஓட ஓடத் தகட்டு வெள்ளி கரைந்துபோய்ச் சாமான்மேல் படியும். கனமாக வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நேரம் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான். வெட்டிப் பார்த்தாலும் நாலு அடுக்கு தெரியாது.

அப்படியானால் நாலு என்பது எதை எண்ணுகிறது? வெள்ளியின் எடையை. அந்தத் தொழிலில் ஒரு குரோஸ் தேக்கரண்டி, அதாவது 144 கரண்டிதான் அளவுகோல். அத்தனைக்கும் சேர்த்து 2 டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளி நிறுக்கும் அவுன்ஸ்) வெள்ளி ஏறியிருந்தால் அது சாதாரணத் தரம், 'ஏ1' என்று குத்துவார்கள். 4 அவுன்ஸ் என்றால் டபுள், 6 என்றால் டிரிப்பிள், 8 என்றால் குவாட்ருப்பிள். கிராமில் போட்டுப் பாருங்கள். 2 டிராய் அவுன்ஸ் சுமார் 62 கிராம். 144-ஆல் வகுத்தால் ஒரு கரண்டிக்கு அரை கிராம்கூட வரவில்லை, 0.43தான். குவாட்ருப்பிள் என்று மார்தட்டிக்கொண்டாலும் 1.7 கிராம். இவ்வளவு சன்னமான வெள்ளியை வைத்துத்தான் ஓர் ஊரே பிழைத்தது. மெரிடனுக்கு 'வெள்ளி நகரம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆகவே என் பரிந்துரை 'நான்மடங்கு முலாம்'. அடுத்தடுத்து 'இருமடங்கு', 'மும்மடங்கு' என்று வரிசையும் ஒழுங்காக வருகிறது. ஒன்றைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது தொழிலுக்குள் இருந்த வழக்கம், அரசாங்க முத்திரை அல்ல. கரண்டிக்காவது குரோஸ் கணக்கு உண்டு. ஒன்றுக்கொன்று அளவு மாறும் கூஜாவிலும் டீ பானையிலும் இந்தச் சொல் பாதி விளம்பரமாகத்தான் ஓடியது.

விளம்பரம் என்றதும் இன்னொரு முத்திரையையும் சொல்லிவிடுகிறேன், '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்'. அந்தக் கரண்டியை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அது 1847-இல் செய்தது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அதே மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் வில்லியம், ஏசா, சிமியன் என்ற மூன்று ரோஜர்ஸ் சகோதரர்கள் மின்முலாம் கரண்டி வியாபாரத்தில் காலூன்றிய வருஷம் அது. பிறகு அவர்கள் தொழில் நொடித்தது. 1862-இல் மெரிடன் பிரிட்டானியா அவர்களுடைய அச்சுகளையும் கருவிகளையும் வாங்கிக்கொண்டு, பெயரோடு வருஷத்தையும் முத்திரையாக்கிவிட்டது. 1898-இல் மெரிடன் பிரிட்டானியாவும் சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகளும் இணைந்து இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி ஆனபோதும் அந்த முத்திரை விடவில்லை. 20-ஆம் நூற்றாண்டுக் கரண்டியிலும் 1847 இருக்கும். 'ரோஜர்ஸ்' என்ற பெயருக்கு அப்படி ஒரு மவுசு. தமிழில் எழுதும்போது '1847-ஆம் ஆண்டு ரோஜர்ஸ் கரண்டி' என்று விரித்துவிடாதீர்கள். எண்ணைப் பெயரோடு ஒட்டியே வையுங்கள்.

'சில்வர் பிளேட்' பொதுவாக வருமிடத்தில் 'வெள்ளி முலாம்', சாமானைக் குறிக்கும்போது 'வெள்ளிமுலாம் கலன்கள்'. போதும்.

* * *

ஐயா, வணக்கம்.

மடங்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். முலாம்தான் உறுத்துகிறது. அரபியில் பிறந்து உருது வழியாக இங்கே வந்த சொல். தில்லையம்பலத்துக்குச் சோழர்கள் பொன் வேய்ந்தார்கள் என்றுதானே படித்திருக்கிறோம்? அந்த வினை நம்மிடம் இருக்கும்போது 'வெள்ளி வேய்ந்த கலம்', 'நான்மடங்கு வேய்வு' என்று ஏன் சொல்லக்கூடாது? அது பிடிக்காவிட்டால் 'பூச்சு' இருக்கிறது.

அப்புறம், கம்பெனிப் பெயரிலேயே இருக்கும் அந்த 'பிரிட்டானியா' என்ன உலோகம்? அதற்கும் ஒரு சொல் வேண்டாமா?

* * *

அம்மா, 'வேய்தல்' அருமையான சொல். அதனால்தான் இங்கே செலவழிக்க மனமில்லை.

வேய்வது தகட்டால். அம்பலத்தில் ஏறியது பொன் ஓடு, கரைசல் அல்ல. அதற்கு நேர் பொருத்தமான வேலை ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 1740-களில் ஷெஃபீல்டில் தாமஸ் பௌல்சோவர் என்ற கைவினைஞர் செம்புக் கட்டியையும் வெள்ளியையும் சூட்டில் ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்தே தகடாக உருட்டலாம் என்று கண்டுகொண்டார். ஷெஃபீல்டு பிளேட் என்பது அதுதான். வெள்ளி ஏற்றிய தகட்டை முதலில் செய்துகொண்டு அதிலிருந்து பாத்திரம் அடிப்பார்கள். வெட்டிய விளிம்பில் செம்பு எட்டிப் பார்க்கும், அதை மறைக்க வெள்ளிக் கம்பி வைத்து முடிப்பார்கள். மின்முலாமில் வரிசை தலைகீழ்: பாத்திரம் முதலில், வெள்ளி கடைசியில். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் வீட்டார் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியதும், கொஞ்ச காலத்தில் ஷெஃபீல்டு முறை படுத்துவிட்டது. தம்பியின் கட்டுரையில் இரண்டும் வரத்தான் போகிறது. இரண்டுக்கும் 'வேய்தல்' என்றால், ஒன்று இன்னொன்றை எப்படி ஒழித்தது என்பதே விளங்காது. ஷெஃபீல்டுக்கு 'வெள்ளி வேய்ந்த செம்பு' என்று வைத்துக்கொள்வோம்.

'பூச்சு' என்றால் எனக்குச் சுவரும் சுண்ணாம்பும்தான் ஞாபகம் வருகிறது. பாடப்புத்தகத்தில் 'மின்முலாம்' ஏறி உட்கார்ந்துவிட்டது, கடைக்காரரும் முலாம் என்றுதான் சொல்கிறார். எங்கே பிறந்த சொல்லாக இருந்தாலும் அதை இப்போது துரத்துவது வீண் வேலை.

பிரிட்டானியா உலோகத்துக்குப் புதுச்சொல் தேவையில்லை, ஒரு வரி விளக்கம் தேவை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். நம் வீட்டு ஈயச் சொம்புக்குக் கொஞ்சம் விறைப்பான தம்பி. மெரிடனில் 1808-இலேயே ஆஷ்பில் கிரிஸ்வோல்டு என்பவர் ஈயக் கலவைப் பாத்திரம் செய்ய ஆரம்பித்திருந்தார். அந்தப் பட்டறைகள் பெருகின. அவை செய்த சரக்கை விற்றுக்கொடுத்தவர் ஹோரேஸ் வில்காக்ஸ், வண்டியில் சாமான் ஏற்றிப்போய் விற்றுப் பழகியவர். அவரும் அவர் தம்பி டென்னிஸும் பட்டறைக்காரர்கள் சிலரும் கைகோத்ததில்தான் 1852-இல் கம்பெனி பிறந்தது. விற்கத் தெரிந்தவர் கையில் பட்டறை வந்த கதை இது. முத்திரைகளில் ஏன் இவ்வளவு சாமர்த்தியம் என்பது அதிலேயே இருக்கிறது.

ஆனால் கரண்டிக்கு ஈயம் தாங்காது, வளைந்துவிடும். அதற்கு நிக்கல் சில்வர்: செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில் மட்டும் வெள்ளி. நம் ஊர்க் கடைகளில் 'ஜெர்மன் சில்வர்' என்று குங்குமச்சிமிழும் தாம்பாளமும் விற்கிறார்களே, நிக்கல் சில்வருக்கும் அதே பெயர் உண்டு. கட்டுரையிலும் 'ஜெர்மன் சில்வர்' என்றே இருக்கட்டும், 'வெள்ளி இல்லை' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். பழைய முலாம் கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேசையில் படியும் குழிவின் முதுகும், கைப்பிடி நுனியின் அடியும் மட்டும் மங்கி, உள்ளே இருக்கும் கலவை மஞ்சள் சாயலில் தெரியும். மற்ற இடமெல்லாம் பளபள. அதனால் அந்த இரண்டு இடத்தில் மட்டும் கூடுதல் வெள்ளி ஏற்றினார்கள், 'செக்ஷனல் பிளேட்' என்று பெயர். பிரிட்ஜ்போர்ட்டில் ஹோம்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு படி மேலே போய், முலாமுக்கு முன்பே அங்கே ஸ்டெர்லிங் வெள்ளித் (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி) துண்டைப் பதித்தார்கள். 'பகுதி முலாம்' என்று மொழிபெயர்த்தால் மிச்சப் பகுதியில் முலாமே இல்லை என்று ஆகும். 'தேய்விட முலாம்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். அம்மாவுக்கும் தம்பிக்கும் ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் 'நான்மடங்கு முலாம்', 'வெள்ளி வேய்ந்த செம்பு', 'தேய்விட முலாம்' மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.