உச்சி வெயிலில் டென்னிஸ் படம் பிடிக்கப் போனேன்

(கும்பகோணத்திலிருந்து)

பதினெட்டு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன் நான். வெளிச்சம் போதாமல் திண்டாடியிருக்கிறேன். அதிகமாகித் திண்டாடியது போன சித்திரையில்தான் முதல்முறை. அக்கா மகள் கல்லூரிப் போட்டியில் ஆடினாள். "மாமா, நாலு படம் எடுத்துக் குடுங்க" என்றாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் கோர்ட், மேட்ச் பதினொன்றரைக்கு. ஏப்ரல் மூன்றாவது வாரம் நம் பக்கத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். நெட் கம்பத்தின் நிழலே அதன் காலடியைத் தாண்டவில்லை.

400 படம் எடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாவற்றிலும் தொப்பிக்குக் கீழே ஒரே கறுப்பு. வெள்ளை டிரஸ்ஸையும் வெளுத்த சிமெண்டையும் பார்த்து ஏமாந்த கேமரா, தானே வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. அக்கா பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றாள். பந்து வேறு பிடிகொழுக்கட்டை மாதிரி நீண்டிருந்தது. ஷட்டர் 1/500, அதாவது ஒரு வினாடியில் ஐநூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. மணிக்கு 140 கிலோமீட்டரில் போகும் பந்து அந்த நேரத்துக்குள் எட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே ஆறரைதான். 1/2000 வைத்தால் இரண்டு சென்டிமீட்டரோடு நிற்கும்.

மறுநாள் எல்லாவற்றையும் மேனுவலுக்கு, நானே அளவு வைக்கிற முறைக்கு, மாற்றினேன். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) 200, அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 4, ஷட்டர் 1/2000, கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைல். அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம்தான். சட்டை வெளுத்தால் வெளுக்கட்டும், முகம் வேண்டும்.

அப்புறம் ஒரு வசவும் வாங்கினேன். சர்வ் போடும்போது என் கேமரா படபடவென்று அடித்ததில் எதிரணிக் கோச் திரும்பி நின்று கத்திவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். உடனே சத்தமில்லாத ஷட்டருக்கு மாறினேன். அதில் சென்சார் காட்சியை ஒரே நேரத்தில் பிடிக்காமல் வரி வரியாகப் படிப்பதால், வேகமாக வீசிய மட்டை பல படங்களில் அகப்பை மாதிரி வளைந்து நிற்கிறது. திரும்பப் பழைய ஷட்டரே. ஆனால் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்வரை தொடர்ச்சியாக அடிப்பதில்லை, ஒரே ஒரு படம்தான்.

அதில் நஷ்டமும் இல்லை. வினாடிக்கு 10 படம் என்றாலும் இரண்டு படத்துக்கு நடுவே 100 மில்லி வினாடி. பந்து மட்டையில் ஒட்டியிருப்பது ஐந்து மில்லி வினாடி. அந்த இடைவெளியில் நழுவுவதே அதிகம். கெட்டிமேளம் கேட்டதும் நம் விரல் தானாக அழுத்துமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. 'டொக்' கேட்டு அழுத்தினால் பந்து போயே போய்விட்டது. மட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும்போதே விரல் தயாராக வேண்டும்.

இப்படி ஒவ்வொரு படமாக எடுத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பந்தைத் தூக்கிப் போட்டு அண்ணாந்து பார்க்கும்போது தொப்பி நிழல் முகத்தை விட்டு விலகிவிடுகிறது. கண் சுருங்கி, நெற்றி வியர்வை மின்னி, முழு முகமும் வெயிலில். உச்சி வேளையில் முகம் கிடைப்பது அங்கேதான். மற்ற ஷாட்டையெல்லாம் விட்டுவிட்டு, சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போடும் அந்த டாஸுக்காகவே காத்திருந்தேன்.

(மன்னார்குடியிலிருந்து)

அண்ணே, எனக்கு அனல்தான் வில்லன். பெரிய லென்ஸோடு தரையில் படுத்து எடுத்தேன், ஆட்டக்காரர் குளத்துத் தண்ணிக்குள் நிற்கிற மாதிரி நெளிந்தார். ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று லென்ஸைக் கடைக்கே கொண்டுபோனேன், சிரித்து அனுப்பிவிட்டார்கள். சிமெண்டிலிருந்து எழும் சூடு அது. கேலரிப் படியில் ஏறி, இன்னும் கிட்டப் போய் எடுத்ததும் சரியானது. கம்பி வலை குறுக்கே வந்தால் லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து அபர்ச்சரை முழுசாகத் திறந்துவிடுங்கள், கம்பி கரைந்துவிடும். இன்னொன்று, கோர்ட்டைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள். நாலரைக்கு மேல் மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் நம் முதுகில். பதினொன்றரை மேட்சுக்கெல்லாம் நான் போவதே இல்லை.

அந்த டாஸ் படத்தை உங்க அக்கா மகள் பார்த்தாளா?

(கும்பகோணத்திலிருந்து)

பார்த்தாள் தம்பி. வாட்ஸ்அப்பில் அதுதான் முகப்புப் படம். அந்த சர்வ் டபுள் ஃபால்ட், இரண்டு வாய்ப்பும் தப்பிப் புள்ளி போனது, யாரிடமும் சொல்லாதீங்க என்றிருக்கிறாள்.