டிவிடி பிளேயரை லைவ் மிக்சரில் சொருகினால் கருப்புத் திரை: ஞாயிறு மணிவிழா, உதவுங்கள்

மாம்பலம் மகன்:
வணக்கம். வரும் ஞாயிறு அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன மண்டபம். மேடைக்குப் பக்கத்தில் எல்இடி வால் வைக்கிறோம். இரண்டு கேமரா, ஒரு லேப்டாப், எல்லாம் நாலு எச்டிஎம்ஐ இன்புட் உள்ள சின்ன வீடியோ மிக்சரில் சேர்ந்து எல்இடிக்கும் யூடியூப் லைவுக்கும் போகும். மிக்சர் நண்பனுடையது, இயக்கப்போவது நான்.

அப்பா அம்மா கல்யாணத்தை விஎச்எஸ் கேசட்டில் எடுத்திருந்தார்கள். 2007-ல் அதை டிவிடியாக மாற்றி வாங்கினோம். அப்புறம் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது இருப்பது அந்த ஒரே டிஸ்க்தான். அதில் ஊஞ்சல் ஆறு நிமிடம் வருகிறது. பாட்டி பிடி (வண்ணச் சோற்று உருண்டை) சுற்றிப் போட்டுவிட்டு ஊஞ்சல் பாட்டுப் பாடுவார். பாட்டி இப்போது இல்லை, அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. ஞாயிறன்று மாலை மாற்றுவதற்கு முன் அதைப் போட ஆசை.

பிளேயரை எச்டிஎம்ஐ வழியாக வீட்டு டிவியில் போட்டால் அருமையாக ஓடுகிறது. அதே கேபிளை மிக்சரில் சொருகினால் முழுக் கருப்பு. கேபிள் மாற்றினேன், இன்புட் மாற்றினேன், பயனில்லை. கேமராக்கள் அதே இன்புட்டில் நன்றாக வருகின்றன. மிக்சர் பழுதா?

வடபழனி வீடியோ:
கேமரா வருகிறதென்றால் மிக்சர் நன்றாக இருக்கிறது தம்பி, பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். டிஸ்க் போடாமல் பிளேயரை ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருமே, அதாவது மிக்சரில் தெரிகிறதா? டிவியில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் என்ன ரெசல்யூஷன் காட்டுகிறது?

மாம்பலம் மகன்:
லோகோவும் வரவில்லை அண்ணா. டிவி 576பி என்று காட்டுகிறது.

வடபழனி வீடியோ:
அதுதான் முதல் சிக்கல். 'பால்' (PAL) என்பது நம் ஊர் டிவி முறை, அந்த முறை டிவிடியில் படம் 720க்கு 576 அளவில் இருக்கும். பிளேயர் அதை அப்படியே 576பி-யாக அனுப்புகிறது. டிவி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த வகைச் சின்ன மிக்சர்களில் பல 720பி (720p), 1080ஐ (1080i), 1080பி (1080p) தவிர வேறெதையும் ஏற்காது. டிவியில் மாட்டியபடியே பிளேயர் செட்டப்பில் எச்டிஎம்ஐ ரெசல்யூஷனை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1080ஐ அல்லது 1080பி, 50 ஹெர்ட்ஸ் என்று நிறுத்துங்கள். அப்புறம் மிக்சரில் போடுங்கள்.

செட்டப்பில் இருக்கும்போதே டிஜிட்டல் ஆடியோவை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ரா'விலிருந்து 'பிசிஎம்' (சுருக்காத சாதா ஒலி) ஆக்கிவிடுங்கள். டால்பியை அப்படியே அனுப்பினால் மிக்சரில் படம் மட்டும் வந்து சத்தம் வராது. உங்களுக்குப் பாட்டிதானே முக்கியம்.

மாம்பலம் மகன்:
அண்ணா, லோகோ வந்துவிட்டது! ஆனால் டிஸ்க் ஓடத் தொடங்கியதும் மறுபடி கருப்பு. நிறுத்தினால் லோகோ திரும்ப வருகிறது.

பழைய டெக்:
லோகோ வந்து, படம் ஓடும்போது மட்டும் கருப்பானால் அது எச்டிசிபி. இன்டெல் உருவாக்கிய காப்புப் பூட்டு. பிளேயர் படத்தைப் பூட்டி அனுப்பும். எதிர்முனையில் உரிய சாவி உள்ள கருவி இருந்தால்தான் திறக்கும். டிவியில் சாவி உண்டு. லைவ் மிக்சரின் வேலையே படத்தை ரெக்கார்ட் செய்வதும் வெளியே ஒளிபரப்புவதும். அதனால் பல மிக்சர்களில் சாவி வைப்பதே இல்லை. சாவி உள்ள சில மிக்சர்களிலும் அதை ஆன் செய்தால் வெளியே போகும் படமும் பூட்டுடன்தான் போகும். லைவ் ரெக்கார்டிங் நின்றுவிடும்.

நீங்கள் கேட்கலாம், வீட்டில் எடுத்த கல்யாண டிஸ்க்குக்கு ஏன் பூட்டு என்று. டிஸ்க்கில் பூட்டு இல்லை. எந்த டிஸ்க் என்று பார்க்காமலே எச்டிஎம்ஐ பக்கம் பூட்டுப் போட்டுவிடும் பிளேயர்கள் உண்டு, உங்களுடையது அந்த ரகம். மெனுவில் அணைக்க வழி இருக்காது, தேட வேண்டாம்.

பிளேயர் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி பின் இருக்கும். எச்டிசிபி அந்த வழியில் கிடையாது. 'ஏவி டூ எச்டிஎம்ஐ' கன்வெர்ட்டர் பெட்டி ரிச்சி தெருவில் கிடைக்கும். இதையே திருப்பிப் போட்ட 'எச்டிஎம்ஐ டூ ஏவி' பெட்டியும் அச்சு அசல் அதே உருவத்தில் இருக்கும். மஞ்சள் பின் பக்கம் 'இன்புட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போரூர் மேடை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே கருப்புத் திரை. ஆனால் கடையில் வாங்கிய சினிமா ப்ளூ-ரே. பூட்டை உடைக்கிற ஸ்ப்ளிட்டர் வாங்கினால் ஆகாதா?

பழைய டெக்:
அது வேறு கதை சார். பிறருக்குக் காப்புரிமை உள்ள படத்தின் பூட்டை உடைப்பது 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின் கீழ் வரும். மண்டபத்தில் போட்டு லைவிலும் அனுப்பினால் ஒளிபரப்பே முடங்கலாம். உரிமையாளரிடம் அனுமதி வாங்கி ஃபைலாகக் கேளுங்கள். மாம்பலம் தம்பி விஷயத்தில் அது அவர்கள் வீட்டுப் படம்.

மாம்பலம் மகன்:
பெட்டி வாங்கிவிட்டேன். மஞ்சள் பின் வழியாக வருகிறது, ஆனால் கருப்பு வெள்ளையில், நடுநடுவே உருளுகிறது. இன்னொன்று, எல்லார் முகமும் அகலமாக இருக்கிறது. அம்மாவை அடையாளமே தெரியவில்லை.

வடபழனி வீடியோ:
ரிமோட்டில் 'பி/என்' என்று ஒரு பட்டன் இருக்கும். பிளேயர் என்டிஎஸ்சி-யில், அதாவது அமெரிக்க டிவி முறையில், மாட்டியிருக்கிறது. என்டிஎஸ்சி கலர் 3.58 மெகாஹெர்ட்ஸில் வரும், பால் 4.43-ல். பெட்டி ஒன்றை எதிர்பார்க்கும்போது இன்னொன்று போனால் கலர் போய்விடும். பால் வரும்வரை அழுத்துங்கள். பெட்டியில் பால் சுவிட்ச் இருந்தால் அதையும் மாற்றுங்கள். 'பி-ஸ்கேன்' (புரோகிரசிவ் ஸ்கேன்) ஆனில் இருந்தால் அணையுங்கள், அதனாலும் மஞ்சள் பின் படம் கெடும்.

முகம் அகலமாவது 4:3 படத்தை 16:9-க்கு இழுப்பதால். இதைக் கண்டிப்பாகச் சரி செய்யுங்கள். 1080 வரி உயரத்துக்கு 4:3 படத்தின் அகலம் 1440 தான், இரண்டு பக்கமும் கருப்பு விடுவதுதான் சரி. அந்தச் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் இழுத்துத்தான் கொடுக்கும்.

பழைய டெக்:
தம்பி, பிளேயரையே விடுங்கள். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், ஒரே டிஸ்க் என்று நீங்கள் எழுதியது இப்போதுதான் மனதில் தைத்தது. 2007-ல் எழுதிய டிஸ்க்கின் சாயப் படலம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கிக்கொண்டே வரும். மண்டபத்துக்கு அதை எடுத்துப் போகவே கூடாது. டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். உள்ளே 1 ஜிபி அளவில் விஓபி (VOB) வீடியோ ஃபைல்கள் இருக்கும், விஎல்சி பிளேயரில் நேராக ஓடும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக்குங்கள். டீஇன்டர்லேஸில் (பாதிப் பாதி வரிகளாகப் பதிந்த படத்தை முழு ஃபிரேமாக்கும் வசதி) 'பாப்' (Bob) தேர்ந்தெடுத்து 50 ஃபிரேமாக எடுங்கள். 25-ஆக எடுத்தால் ஊஞ்சல் ஆடும்போது வெட்டி வெட்டித் தெரியும். 4:3 விகிதம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மிக்சரையும் கேமராக்களையும் 1080பி 50-ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மண்டப விளக்குகளும் மினுக்காது.

இடையில் 'ரீட் எரர்' வந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரமாக நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். அப்படியும் முடியாவிட்டால் வேறு டிரைவ். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும்.

மாம்பலம் மகன்:
என் டிரைவில் சரியாக ஊஞ்சல் வரும் இடத்திலேயே நின்றுவிட்டது. கை நடுங்கிவிட்டது. எதிர்வீட்டு மாமாவின் பழைய கம்ப்யூட்டரில் இரவு பதினோரு மணிக்குப் போட்டோம், முழுதாக ஏறிவிட்டது. இரண்டு பென் டிரைவிலும் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வைத்துவிட்டேன்.

வடபழனி வீடியோ:
நல்லது. ஞாயிறு காலையே போய் எல்இடியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எல்இடி ஜெனரேட்டரிலும் உங்கள் மேசை மண்டபக் கரண்டிலும் இருந்தால் ஆடியோவில் 'உம்' என்று இரைச்சல் வரலாம். மிக்சர், லேப்டாப், ஆடியோ எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடுங்கள்.

மாம்பலம் மகன்:
ஓடிவிட்டது அண்ணா. கலர் சரியாக, அம்மா முகம் சரியாக, ஊஞ்சல் வெட்டாமல். இரைச்சல் காலையில் இருந்தது, ஒரே பாக்ஸுக்கு மாற்றியதும் நின்றது. பாட்டி பாட ஆரம்பித்ததும் அப்பா நாற்காலியை எல்இடி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சாஸ்திரிகளும் ஆறு நிமிடம் காத்திருந்தார். உங்கள் இருவருக்கும் எங்கள் வீட்டு நமஸ்காரம். டிஸ்க்கை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டோம்.