புதுப்பிப்பு (செப்டம்பர் 25, 2022): ரட்கர்ஸ் ஆட்டத்துக்குப் பிறகு அயோவாவின் தாக்குதல் வரிசை (பந்தை முன்னே கொண்டுபோய்ப் புள்ளி சேர்க்க வேண்டிய வீரர்கள்)

2022 பருவத்தின் முதல் ஆட்டத்தில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி டச்டவுனே (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோய் 6 புள்ளி எடுப்பது) இல்லாமல், ஒரு பீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி), இரண்டு சேஃப்டி (எதிரணியை அதன் சொந்த எல்லைப் பகுதிக்குள்ளேயே மடக்கித் தலா 2 புள்ளி) என்று 7-3 கணக்கில் சவுத் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழக அணியை வென்றதையும், பிறகு அயோவா ஸ்டேட்டிடம் 10-7 என்று தோற்றதையும் இந்த இழையில் எழுதியிருந்தேன்.

அடுத்து நெவாடாவை 27-0 என்று வீழ்த்தியபோது நம்பிக்கை துளிர்த்தது. முதலாண்டு மாணவர் கேலப் ஜான்சன் 40, 55 கஜம் ஓடி இரண்டு டச்டவுன் அடித்தார், என்ன வேகம்!

நேற்று ரட்கர்ஸையும் 27-10 என்று வென்றாயிற்று. ஆனால் ஸ்கோரைப் பார்த்து மயங்க வேண்டாம். எதிரணி எறிந்த பாஸைக் கூப்பர் டிஜீன் பறித்து ஓடி அடித்த டச்டவுன் ஒன்று, எதிரணி தவறவிட்ட பந்தை மெரிவெதர் அள்ளிக்கொண்டு ஓடி அடித்த டச்டவுன் ஒன்று, அவற்றுக்குப் பிந்தைய உதைகளுக்குத் தலா 1 புள்ளி என 14 புள்ளிகள் தற்காப்பு வீரர்களின் உழைப்பு. தாக்குதல் வரிசை சேர்த்தது 13தான்.

அடுத்து மிச்சிகன் வருகிறது. ஜான்சனிடம் பந்தை அதிகம் கொடுங்கள்!