அப்டேட்: பாக்டீரியா வாசனையும் செடி வளர்ச்சியும்

போன வாரம் த்ரெட்ல, பாக்டீரியா விடுற வாசனையே செடிய வளர்க்கும்னு எழுதியிருந்தேன்ல, "வேர்ல ஒட்டிக்கிட்டு சத்து குடுக்குதோ என்னவோ, வாசனைதான்னு எப்படி சொல்றீங்க"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. ரொம்ப நியாயமான கேள்வி.

2003ல வந்த ஆய்வுல நடுவுல தடுப்பு வச்ச பெட்ரி டிஷ்ல (ஆய்வகத்து வட்டத் தட்டு) ஒரு பக்கம் கடுகு குடும்பத்து அரபிடாப்சிஸ் நாத்து, இன்னொரு பக்கம் பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கிற பாக்டீரியா, ரெண்டுக்கும் நடுவுல காத்து மட்டும்தான், அப்படியும் செடி நல்லா வளந்துச்சு. அதவிட எனக்கு பெரிய ஆதாரமா பட்டது, அந்த பாக்டீரியா விடுற வாசனைப் பொருட்களான அசிட்டோயினும் 2,3-பியூட்டேன்டையாலும் தயாரிக்க முடியாத மியூட்டன்ட (மரபணு மாறின பாக்டீரியாவ) வச்சப்போ அந்த வளர்ச்சியே வரல.

ஒரு திருத்தமும் இருக்கு. இந்த வாசனைப் பொருட்கள இலைல ஸ்ப்ரே பண்ணலாம்னு சொல்லியிருந்தேன், அத பண்ணாதீங்க, திறந்த வயல்ல சீக்கிரமே ஆவியாயிடும். கொரியால வெள்ளரி வயல்ல 3-பென்டனால், 2-பியூட்டனோன்ங்கிற ரெண்டு வாசனைப் பொருளையும் வேர்ப்பக்கம் மண்ணுலதான் ஊத்தினாங்க, இலைப்புள்ளி நோய் குறைஞ்சது, அசுவினியும் குறைஞ்சது, அசுவினிய தின்னுற பொறிவண்டு கூடிச்சு! பூச்சிய கொல்லாம செடியோட எதிர்ப்பு சக்திய எழுப்பி விடுறது, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது.

ஆனா எல்லா பாக்டீரியா வாயுவும் நல்லதில்ல, சில பாக்டீரியா ஹைட்ரஜன் சயனைடுங்கிற விஷ வாயு கூட விடும், அதனால எந்த இனம், எவ்வளவு அளவுன்னு பாக்காம இறங்காதீங்க.