32 அடி பாய்ப்படகு: நீளக் கீலா, ஃபின் கீலா?

நண்பர்களே, சென்னையிலிருந்து புதுச்சேரி வரைக்கும், நன்றாகப் பழகிய பிறகு போர்ட் பிளேர் வரைக்கும் (சுமார் 1,200 கி.மீ.) குடும்பத்தோடு போக ஒரு பழைய பாய்ப்படகு தேடுகிறேன். இரண்டு கிடைத்திருக்கின்றன. இரண்டும் 32 அடி.

ஒன்றுக்கு அடி முழுக்க ஓடும் நீளக் கீல் (கீல் என்பது படகு சாயாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் இருக்க அடியில் இருக்கும் கனமான பகுதி). சுக்கானைக் கொஞ்சம் விட்டாலும் திசை மாறாது, அலையில் நிதானமாக நிற்கும். ஆனால் திருப்புவதற்குள் வேகம் போய்விடும். மற்றது ஃபின் கீல், அடியின் நடுவில் மட்டும் மீன் துடுப்பு போல இறங்குவது. காற்று வரும் திசைக்கு நெருக்கமாக ஏறும். கோடையில் மதியத்துக்கு மேல் இங்கே தென்கிழக்குக் கடற்காற்றுதானே, தெற்கே போக அது எதிர்க்காற்று. அதனால் என் மனசு இதில்தான். 1979-ல் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் அடித்த புயலில் மிகச் சிறிய பிரிவில் ஓடி முடித்த ஒரே படகான கான்டெஸ்ஸா 32-க்கும் ஃபின் கீல்தான். அதன் எடையில் ஏறக்குறைய பாதி, படகை நிமிர்த்தி வைக்கும் அடிப்பாரம்.

கவலை ஒன்றுதான். நான் பார்த்த ஃபின் கீல் படகில், கீல் படகோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல், அதிலிருந்து பழுப்பாகத் துருநீர் வழிகிறது. துடைத்தாலும் மறுநாள் திரும்ப வருகிறது. கீலைப் படகோடு பிடிக்கும் போல்ட் அரித்திருக்குமா, மேல்பூச்சு மட்டுமா? கீலைக் கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா? சென்னையில் இதை நேரில் வந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.