தாயில்லாக் காட்டுக்குட்டியை வீட்டில் வளர்க்கலாமா?

மரநிழல்:
மரம் வெட்டும்போது கூட்டோடு விழுந்த அணில்குட்டி ஒன்று என்னிடம் வளர்கிறது. தாய் அடிபட்டுச் செத்துவிட்டது. வந்தபோது குட்டிக்குக் கண்கூடத் திறக்கவில்லை. இப்போது என் தோளில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறது. படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன், அவ்வளவுதான். "காட்டு உயிரை வீட்டில் வைப்பது பாவம்" என்று ஆளாளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். அப்படியே விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் எறும்பு மொய்த்திருக்கும். அது மட்டும் புண்ணியமா? இங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமருந்து:
நான் கால்நடை மருத்துவர். செத்த தாயைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், அதனால் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "அனாதை" என்று மக்கள் தூக்கிவரும் குட்டிகளில் பலவற்றுக்குத் தாய் இருக்கிறது. மான் தன் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். குட்டியின் உடம்பில் வாசனை குறைவு. அசையாமல் கிடப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. தாய் கூடவே நின்றால் வேட்டை மிருகத்துக்கு வழி காட்டியதாகிவிடும். முயலும் நாளைக்கு ஓரிரு முறைதான் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். அந்தப் பக்கம் போகிறவர் "ஐயோ, தனியாகக் கிடக்கிறதே" என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். என்னைக் கேட்டால் அது ஆள்கடத்தல்.

சந்தேகசாமி:
ஆனால் மனுஷன் கை பட்டால் தாய் திரும்பச் சேர்க்காது என்பார்களே, டாக்டர்?

ஊசிமருந்து:
பெரும்பாலும் கட்டுக்கதை. கீழே விழுந்த அணில்குட்டியைக் கதகதப்பாக வைத்து, மேலே திறந்த ஒரு பெட்டியில் போட்டு, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு விலகி நின்றால், தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அது ஒன்றுக்கு மேல் கூடு வைத்திருக்கும். நாம் பக்கத்திலேயே நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் வராது.

மரநிழல்:
என் குட்டிக்குத் தாய் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம், வீட்டில் வளர்ந்தால் காட்டுக்கு உதவாது என்கிறவர்களுக்கு: கென்யாவில் ஜார்ஜ் ஆடம்சனும் ஜாய் ஆடம்சனும் 1956-இல் எல்சா என்ற சிங்கக்குட்டியைக் கையால் வளர்த்தார்கள். அது காட்டுக்குத் திரும்பி, வேட்டையாடி, மூன்று குட்டியும் போட்டது. சிங்கத்துக்கே முடிந்தது, அணிலுக்கு முடியாதா?

காட்டுவழி:
//சிங்கத்துக்கே முடிந்தது//
எல்சா கதையை எடுத்தால் முழுதாக எடுங்கள். அதன் தாயைச் சுட்டதே ஜார்ஜ்தான், பாய்ந்து வந்ததால். எல்சாவோடு கிடைத்த மற்ற இரண்டு குட்டிகள் ராட்டர்டாம் மிருகக்காட்சிசாலைக்குப் போயின. ஜார்ஜ் வனவிலங்குக் காவலர், குடியிருந்ததே காட்டில். எல்சாவுக்கு வேட்டை பழக்குவதையே வேலையாக வைத்திருந்தார்கள். 1961-இல் எல்சா நோயில் செத்ததும் அதன் குட்டிகள் ஊர்க் கால்நடைகளை அடிக்க ஆரம்பித்தன. பிடித்துக் கொண்டுபோய் தான்சானியாவின் செரெங்கெட்டிக் காட்டில் விட வேண்டியதாயிற்று. இது வெற்றிக்கதை என்றால் தோல்விக்கதை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகசாமி:
காட்டுவழி, நீங்கள் மீட்பு மையத்தில் தன்னார்வலர் என்று இன்னொரு திரியில் படித்த ஞாபகம். அதனால் கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குட்டி கையில் கிடைக்கிறது. உங்களைப் போன்ற மையத்துக்கு போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் "இடமில்லை". இடமிருந்தாலும், தேறாது என்று தோன்றினால் ஊசி போட்டு முடித்துவிடுகிறீர்கள். இதற்கு வீட்டில் வளர்ப்பது மேல் இல்லையா?

காட்டுவழி:
ஆமாம், ஊசி போடுகிறோம். இடுப்பெலும்பு நொறுங்கிய குட்டியை வைத்துக்கொண்டு வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? வீட்டில் அதே குட்டி நான்கு நாள் வேதனைப்பட்டுச் சாகும். பார்க்கிறவருக்கு மட்டும் "என்னால் முடிந்ததைச் செய்தேன்" என்று நிம்மதி. போன் எடுக்காததற்கு என்னிடம் பதில் இல்லை. ஆள் பற்றாக்குறை உண்மைதான்.

ஊசிமருந்து:
ராத்திரி கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் குட்டிகள் சாவது அந்த முதல் ராத்திரியில்தான். உடம்பு சில்லிட்ட குட்டிக்கு எதையும் புகட்டாதீர்கள். குளிர்ந்த குடல் பாலைச் செரிக்காது. முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். பசும்பால் வேண்டாம். அணில், முயல் இவற்றின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம், லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை குறைவு. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு, அதில் நீர் வற்றி முடிந்துபோகும்.

இன்னொன்று, குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டுவது. குட்டி ஆவலாக உறிஞ்சும், மூக்கில் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் வரும், தும்மும். நாம் துடைத்துவிட்டுச் சிரிப்போம். அந்தப் பால் நுரையீரலுக்குள் போயிருந்தால் அடுத்து நிமோனியாதான். எப்போதும் குப்புற வைத்து, சொட்டுச் சொட்டாக. புகட்டிய பிறகு வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் அந்த வயதில் அதற்குச் சிறுநீர் வராது. இதெல்லாம் மறுநாள் ஒப்படைக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். சொந்தமாக வளர்க்க நான் அனுமதிச்சீட்டு கொடுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மரநிழல்:
நீங்கள் சொன்ன எல்லாமே நானும் செய்தேன், டாக்டர். படித்துத் தெரிந்துகொண்டால் வீட்டிலும் முடியும் என்பதுதான் என் வாதம். பால் கொடுப்பது மந்திரவித்தை இல்லை.

காட்டுவழி:
பால் கொடுக்க யாரும் கற்றுக்கொள்ளலாம், ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் குட்டி பிழைத்த பிறகுதான். கையில் வளர்ந்த ஆண் மானைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னதில் விரலைச் சப்பும், பின்னாலேயே வரும். கொம்பு முளைத்து இணைசேரும் பருவம் வந்ததும் மனிதனைத்தான் போட்டி ஆணாகப் பார்க்கும். காட்டு மான் நம்மைக் கண்டால் ஓடும். இது தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வரும், பயமே தெரியாது.

கென்யாவில் தாயில்லா யானைக்குட்டிகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேங்காய் எண்ணெய் சேர்த்த பால்கலவையைப் பல வருடம் முயன்று கண்டுபிடித்து, ஆயிஷா என்ற குட்டியைப் பிழைக்கவைத்தார். மகளின் கல்யாணத்துக்காக அவர் கொஞ்ச நாள் விலகியதும் அது தின்ன மறுத்துச் செத்தது. பால் சரியாகத்தான் இருந்தது. ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டதுதான் அதைக் கொன்றது. அதற்கப்புறம்தான் அவருடைய மையத்தில் பராமரிப்பாளர்களை மாற்றி மாற்றிக் குட்டிகளோடு தூங்கவைக்கும் வழக்கம் வந்தது. மரநிழல், உங்கள் அணில் எத்தனை பேர் தோளில் ஏறுகிறது?

மரநிழல்:
என் தோளில் மட்டும். யானையும் அணிலும் ஒன்றா?

வால்முளைத்தவன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமா ஒருவர் குரங்குக்குட்டி வளர்த்தார். சட்டையைப் பிடித்துத் தொங்கும், தெருவே வந்து பார்க்கும். பெரிதானதும் அத்தையைக் கடித்தது. அப்புறம் இடுப்பில் சங்கிலி. கடைசிவரை அந்தச் சங்கிலி போன இடம்தான் அதன் உலகம். மாமாவைக் கேட்டால் இன்றும் "நான் காப்பாற்றினேன்" என்பார்.

ஊசிமருந்து:
மரநிழல் கேட்டதற்கு: ஒன்றில்லை, நீங்கள் சொல்வது பாதி சரி. ஒரே அணிலாக வளர்ந்தாலும் மரமேறுவதும் கொட்டையைப் புதைப்பதும் அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறிநோயும் (ரேபிஸ்) அணிலிடம் அரிது. நரி, கீரி, வௌவால் என்றால் நான் இப்படிப் பேசவே மாட்டேன். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மனிதனைக் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். உங்கள் அணிலிடம் எனக்குப் பயம் இரண்டுதான். ஒன்று, வெறும் கொட்டையும் பழமுமாகக் கொடுத்தால் கால்சியம் போதாமல் எலும்பு வளையும். இன்னொன்று, பூனையைக் கண்டால் ஓடுமா?

மரநிழல்:
பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் உட்கார்ந்தால் கத்துகிறது. வெளியே கூண்டு வைத்துக் கொஞ்ச நாள் பழக்கிவிட்டுக் கதவைத் திறக்கப்போகிறேன். திரும்பி வந்தால் விரட்ட மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்டுவழி:
விரட்ட வேண்டாம், தொடாமல் இருங்கள். சாப்பாட்டைக் கூண்டில் வைத்து நாளுக்கு நாள் குறையுங்கள். தோளில் ஏற விடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் தோளிலும் ஏறப் பார்க்கும். அவர் துடைப்பத்தால் அடிப்பார்.

மரநிழல்:
தோளில் ஏற விடாமல் இருப்பதைப் பற்றி யோசிக்கிறேன். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

சந்தேகசாமி:
கால்சியத்துக்கு என்ன கொடுப்பது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.