உதவி: பழைய டைரக்டரியில் பார்த்த பக்கம் கிடைக்கவில்லை (அவசரம்)

கோலிசோடா:
2004இல் இணைய டைரக்டரி (தளங்களைத் தலைப்பு வாரியாகப் பட்டியலிடும் தளம்) வழியாகப் பார்த்த தெருக்கூத்துப் பக்கம் ஒன்று உடனே வேண்டும். நோட்டில் வழியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: ரீஜினல், ஏசியா, இந்தியா, தமிழ்நாடு. இப்போது டைரக்டரியே திறக்கவில்லை. கூகுளிலும் சிக்கவில்லை. நாளை காலை கட்டுரை கொடுக்க வேண்டும்.

பனங்கிழங்கு:
எந்த டைரக்டரி? யாகூவா, டிமாஸா (DMOZ)? பக்கம் தமிழிலா, ஆங்கிலத்திலா? 'திறக்கவில்லை' என்றால் திரையில் என்ன வருகிறது?

மோடம்மாமா:
யாகூவாகத்தான் இருக்கும், அப்போது எல்லாரும் அங்கேதான் கிடந்தோம். 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் ஆரம்பித்த பட்டியல். 2014 கடைசியில் அந்த டைரக்டரியை மூடிவிட்டார்கள். ஆசையை விடுங்கள்.

ஈசானமூலை:
எனக்கு ஒரு தளம் இப்படித் திறக்காமல் இருந்தது. டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக்கித் தரும் சேவை) மாற்றினேன், சரியாகிவிட்டது. முயன்று பாருங்கள்.

பனங்கிழங்கு:
மூடிய கடைக்கு டிஎன்எஸ் மாற்றி என்ன ஆகப்போகிறது?

மூத்தகுடி:
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது, தம்பி. சரி, நீர் எழுதிய வழியிலேயே பதில் இருக்கிறது. யாகூவில் ரீஜினலுக்கு அடுத்து 'கன்ட்ரீஸ்' வரும். 'ஏசியா' வந்தால் அது டிமாஸ். 1998இல் தொடங்கி 2017 மார்ச் 17இல் மூடப்பட்ட அடைவு. இதைக்கூடத் தேடாமல் இங்கே வந்து நிற்கிறீர்.

மோடம்மாமா:
அடைவா? டைரக்டரி என்றால் எல்லாருக்கும் புரியுமே.

மூத்தகுடி:
லைப்ரரிக்கு நூலகம் என்று சொல்ல வாய் கூசாதவருக்கு அடைவு மட்டும் கசக்கிறதா?

தேன்சிட்டு:
கணினியில் ஃபோல்டருக்கும் அடைவு என்றுதானே எழுதுகிறார்கள்? குழப்பமாக இருக்கிறது.

மோடம்மாமா:
அதைத்தான் சொல்ல வந்தேன். பெயர் கிடக்கட்டும். ஒரு டைரக்டரிக்கு என் தளத்தை அனுப்பிவிட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். தன்னார்வலர் பார்த்துச் சேர்க்க வேண்டுமாம். தேடுபொறி வந்ததே நல்லது.

தேன்சிட்டு:
மனிதர் பார்த்துச் சேர்த்ததால்தான் குப்பை குறைவாக இருந்தது, மாமா. இப்போது எதைத் தேடினாலும் விளம்பரம்.

பனங்கிழங்கு:
கேட்டவரை மறந்துவிட்டோம். கோலிசோடா, பக்கம் தமிழிலா?

கோலிசோடா:
ஆமாம், தமிழ்தான். சொல்ல விட்டுப்போனது.

பனங்கிழங்கு:
அப்படியென்றால் நோட்டில் இருப்பது வேறு எதற்கோ எழுதிய வழி. டிமாஸில் ரீஜினல் பக்கம் ஆங்கிலத் தளங்களுக்குத்தான், மற்ற மொழியெல்லாம் 'வேர்ல்ட்' தலைப்பின் கீழ். பழைய பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் டிமாஸ் முகவரியைப் போட்டு, 2004இல் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, வேர்ல்ட், தமிழ் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் போங்கள். அங்கே உள்ள தேடல் பெட்டி வேலை செய்யாது. டிமாஸின் பழைய ஆசிரியர்கள் நடத்தும் கர்லியில் தேடாதீர்கள், செத்த சுட்டிகளை எடுத்துவிடுவார்கள்.

கோலிசோடா:
பட்டியல் வந்தது! ஜியோசிட்டீஸில் (இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் தந்த தளம்) ஒரு பக்கம். ஆனால் முழுக்க முக்கால் குறியும் சென்ட் குறியுமாக இருக்கிறது. வைரஸா?

மூத்தகுடி:
வைரஸ் இல்லை, திஸ்கி. யூனிகோடுக்கு முந்தைய குறிமுறை. முக்கால் குறி இருக்கும் இடமெல்லாம் 'த', சென்ட் குறி இகரத்தின் மேல்விலங்கு (ி). அப்படியே நகலெடுத்து, பழைய குறிமுறையை யூனிகோடாக்கும் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி, திஸ்கி என்று தேர்ந்தெடும். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடியது. வேபேக்கில் நகல் இருந்தது உம் அதிர்ஷ்டம்.

ஈசானமூலை:
ஃபான்ட் போட்டாலும் சரியாகும்.

மூத்தகுடி:
இவருக்கு விடிந்தால் கட்டுரை. ஃபான்ட் தேடி அலையச் சொல்கிறீரா?

கோலிசோடா:
படிக்க முடிகிறது. நன்றி. எழுத உட்காருகிறேன்.

தேன்சிட்டு:
அந்தச் சுட்டியை இங்கே போடுங்கள், எனக்கும் வேண்டும்.

தேன்சிட்டு:
கோலிசோடா?